பெரிய மாப்பிள்ளைக்கு வெந்நீர்

என் கல்யாண வீடியோவில் ஓர் இடத்தில் படம் தாவும். மண்டப வாசலில் மேளக்காரர்கள் மூச்சைப் பிடித்து ஊதிக்கொண்டிருப்பார்கள். அடுத்த நொடி, என் அத்தை மண்டபத்துக்குள் முன்வரிசையில் உட்கார்ந்து மேடையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நடுவில் நடந்ததை வெட்டச் சொன்னது அம்மா. வேண்டாம், இருக்கட்டும், நாலு பேர் பார்க்கட்டும் என்றேன் நான். அம்மா கேட்கவில்லை.

வெட்டிப் போட்ட அந்தத் துண்டு முழுக்க நின்றுகொண்டிருந்தவர் என் மாமா, அப்பாவின் அக்காவைக் கட்டியவர். எங்கள் குடும்பத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. தாத்தாவுக்கு முதலில் வந்த மருமகன் என்பதால் பெரிய மாப்பிள்ளை. தலை நரைத்து, முன்பல் இரண்டு விழுந்து, கண்ணில் புரை நீக்கிய பிறகும் பெரிய மாப்பிள்ளைதான். ஊரில் எல்லோருக்கும் மாப்பிள்ளை முறுக்கு மறுவீட்டு விருந்தோடு இறங்கிவிடும். இந்த மனுஷனுக்கு மட்டும் கடைசிவரை இறங்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாமா மேட்டுப்பாளையத்துக்காரர். உருளைக்கிழங்கு மண்டி வைத்திருந்தார். நாங்கள் கோத்தகிரி. தோட்டக்காரர்களிடம் கிழங்கு பேச மலைக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வருவார். வீட்டுக்கு வருவாரே தவிர வீட்டுக்குள் வரமாட்டார். கேட்டுக்கு வெளியே நின்று ஒரு தடவை இருமுவார். அவ்வளவுதான். அந்த இருமல் கேட்டதும் அப்பா செருப்புகூடப் போடாமல் ஓடி, "வாங்க மச்சான்" என்று சொல்லி அவர் கையிலிருக்கும் பையை வாங்க வேண்டும். பின்னாலேயே அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு "வாங்கண்ணா" என்க வேண்டும். அதற்கும் பின்னால் நான் "வாங்க மாமா" என்க வேண்டும். எல்லா 'வாங்க'வும் முறையாக விழுந்த பிறகுதான் வலது கால் உள்ளே வரும். நான் பள்ளிக்கூடம் போயிருக்கும் நாளில் ஒரு 'வாங்க' குறையும். அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை என்பார்.

ஒரு நாள் நல்ல மூடுபனி. கேட்டுக்கு வெளியே இருமல் கேட்டது. அப்பா கதவைத் திறந்து பார்த்தால், மாமாவுக்குப் பின்னால் தேயிலைச் செடிகளை விலக்கிக்கொண்டு ஒரு காட்டெருமை ஏறி வந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் அது புதிதல்ல. ஆனால் அவ்வளவு கிட்டத்தில் வந்தால் யாருக்கும் குலை நடுங்கும். அப்பா அலறினார்.

"மச்சான், உள்ள ஓடியாங்க! ஓடியாங்க!"

உயிருக்குப் பயந்து ஓடித்தான் வந்தார். எருமை அதன் பாட்டுக்கு ரோட்டைத் தாண்டிக் கீழே இறங்கிப் போய்விட்டது. மாமா மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, நாற்காலியில் சாய்ந்த பிறகு அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"ஏப்பா, 'ஓடியாங்க'ன்னுதான் கூப்புடுவீங்களா? ஒரு மாப்பிள்ளைய?"

நாங்கள் சிரித்துவிடாமல் இருக்கப் பட்ட பாடு பெரும்பாடு. அவர் சிரிக்கவில்லை. திரும்ப எழுந்து கேட்டுக்கு வெளியே போய் நின்றார். அப்பா போய் முறையாக அழைத்து வந்தார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பாக இருந்த சங்கதிதான் பின்னால் வயிற்றெரிச்சலாக மாறியது.

இதற்கெல்லாம் ஆரம்பம் அவருடைய கல்யாணம். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. ஆனால் ஆளாளுக்குச் சொல்லிக் கேட்டு, நானே அங்கே நின்றதுபோல் இருக்கிறது. தை மாதம், கோத்தகிரியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் விடியற்காலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வந்து பிள்ளையார் கோவிலில் இறங்கினார்கள். கோவிலிலிருந்து மேளத்தோடு ஜீப்பில் மாப்பிள்ளை அழைப்பு. மண்டப வாசலில் மாப்பிள்ளையை நிறுத்தி, பெண்கள் ஆரத்தி சுற்றி, பெண்ணின் தம்பி செம்புத் தண்ணீரால் மாப்பிள்ளையின் காலைக் கழுவித் துடைத்து, சந்தனம் வைத்து, மாலை போட்டு உள்ளே கூட்டிப் போக வேண்டும். அந்தத் தம்பிதான் என் அப்பா. மீசை அரும்பின வயசு. குழாயைத் திறந்து செம்பைப் பிடித்தார், கொண்டுபோய் மாப்பிள்ளை காலில் ஊற்றினார்.

மலைக்காரர்களுக்கு அது வெறும் தண்ணீர். உறைபனிக் காலத்திலும் அதில்தான் முகம் கழுவுவோம், பாத்திரம் தேய்ப்போம். மாப்பிள்ளைக்கு வெந்நீர் வைக்க வேண்டும் என்று எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கீழ்நாட்டிலிருந்து அன்றைக்குத்தான் அந்தக் குளிரில் வந்து இறங்கின மனுஷனுக்கோ சில்லிப்பு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "ஐயோ!" என்று கத்தி, நாயனக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்தாராம். பட்டு வேட்டி முழங்காலுக்கு மேல். அத்தையின் தோழிகள் மாடி வராந்தாவில் இருந்து கொல்லென்று சிரித்தார்கள். நாயனக்காரரும் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். செம்போடு நின்ற அப்பாவும் சிரித்துவிட்டார்.

மாப்பிள்ளை திரும்பிப் போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டார். வேண்டுமென்றே செய்த கேலி என்று அவருக்குப் பட்டுவிட்டது. தாத்தா தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஜீப்புக்குப் பக்கத்தில் கைகூப்பி நின்றார். முகூர்த்த நேரம் ஓடுகிறது. உள்ளே அத்தை கழுத்தில் மாலையோடு அழுகிறார். கடைசியில் சமையல்கட்டில் சாதத்துக்குக் கொதித்துக்கொண்டிருந்த உலைநீரை மொண்டு, விளாவி, அப்பா மறுபடி கால் கழுவினார். மாப்பிள்ளை இறங்கி வந்தார். ஜீப்பில் போய் உட்கார்ந்தால் காரியம் நடக்கும் என்று அவர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். தெரியவைத்தவர்கள் எங்கள் ஆட்கள். அதனால் என் கோபம் அவர்மேல் மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், பத்திரிகை, மேளம், சமையலுக்கு அடுத்தபடி ஒரு எவர்சில்வர் பிளாஸ்க். பெரிய மாப்பிள்ளைக்கு வெந்நீர். புது மாப்பிள்ளை வந்து இறங்குவதற்குள் இவர் வாசலில் வந்து நின்றுவிடுவார். மூத்தவனை நிறுத்தி வைத்துவிட்டு இளையவனுக்கு ஆரத்தி சுற்றக்கூடாதாம். ஆகவே புது மாப்பிள்ளை காருக்குள் வேர்க்க உட்கார்ந்திருக்க, என் அப்பா குனிந்து இவர் காலைக் கழுவுவார். "சூடு போதுங்களா மச்சான்?" என்று கேட்பார். மாமா பதில் சொல்லமாட்டார். கண்ணை நேரே வைத்துக்கொண்டு அடுத்த காலை நீட்டுவார். ஒரு தடவைகூட, போதும் என்றோ நல்லா இருக்குது என்றோ அந்த வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

யாராவது முகத்தைச் சுளித்தால் அவரிடம் ஒரு வாசகம் தயாராக இருக்கும். மெதுவாக, மிக மரியாதையாகச் சொல்வார்.

"நான் கேக்கலீங்க. முறை கேக்குது."

மண்டியில் அவர் அப்படியில்லை என்பார்கள். கிழங்கு மூட்டையைத் தானே தூக்கிப் போடுவார், கூலிக்காரர்களோடு சேர்ந்து நின்று டீ குடிப்பார், யாரையும் ஒருமையில் பேசமாட்டார். மாமனார் வீட்டு வாசப்படியைக் கண்டால் மட்டும்தான் அந்த விறைப்பு வரும். ஊருக்கெல்லாம் நல்ல மனுஷன், எங்களுக்கு மட்டும் மாப்பிள்ளை.

வெந்நீரோடு முடிந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். வெந்நீர் சரியாக இருந்தால் சந்தனம் காய்ந்திருக்கும். சந்தனம் சரியாக இருந்தால் நாற்காலி இரண்டாவது வரிசையில் கிடக்கும். நாற்காலியும் சரியாக இருந்தால், பன்னீர் தெளித்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தெளித்தாள் என்பார். ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். "போலாமா?" என்று அத்தையைப் பார்த்து ஒரு வார்த்தை. அத்தை எழுந்துவிடுவார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அத்தைக்கு ஆசையென்று இருந்ததெல்லாம் தம்பி பிள்ளைகளின் கல்யாணங்கள்தான். அந்தக் கல்யாணங்களில் தாலி கட்டுவதை முழுசாகப் பார்த்ததோ, பந்தியில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதோ கிடையாது.

குன்னூரில் சித்தப்பா மகளின் கல்யாணம். நான் அப்போது பாவாடை தாவணிக்கு அடம்பிடிக்கிற வயசு. கிளம்புகிற குழப்பத்தில் பிளாஸ்க்கை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். அப்பா சமையல்கட்டுக்கு ஓடி வெந்நீர் கொண்டுவருவதற்குள், ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் புது மாப்பிள்ளைக்குச் சுற்றிவிட்டார்கள். அப்பா சொம்போடு வந்து பார்த்தால் வாசலில் மாமா இல்லை. பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார். பின்னால் பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி அத்தை.

நான் பந்திக்கு வைத்திருந்த தட்டிலிருந்து ஒப்புட்டை இலையில் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடினேன். பருப்புப் போளியைத்தான் நாங்கள் ஒப்புட்டு என்போம், அத்தைக்கு அது என்றால் உயிர். மேட்டுப்பாளையம் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஜன்னலோரம் அத்தை. நெய் வழிகிற இலையை நீட்டினேன். அத்தையின் கை வெளியே வந்தது. பக்கத்திலிருந்து மாமாவின் கை வந்து கண்ணாடியை இழுத்துச் சாத்தியது. மெதுவாகத்தான் சாத்தினார், என் விரல் நசுங்கிவிடக்கூடாதென்று பார்த்துப் பார்த்துச் சாத்தினார். பஸ் போய்விட்டது. நான் ரோட்டில் நின்று அந்த ஒப்புட்டைக் கீழே போட்டு மிதித்தேன். சாப்பாட்டை மிதித்ததற்கு அம்மாவிடம் அறை வாங்கினேன். மிதிக்க வேண்டியதை மிதிக்க எனக்கு வயசு போதவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து அப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்கு ரோசமே கெடையாதாப்பா? அந்தாளு காலுக்கு எதுக்குக் குனியறீங்க?"

அப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். வேலை உடுப்பை மாற்றிக்கொண்டே சொன்னார்.

"அவரு காலுக்கா குனியறேன்? உங்கத்தை உள்ள வரோணுமில்ல அம்மிணி."

இந்த ஒரு வரிதான் என் வாயை வருஷக்கணக்காக அடைத்து வைத்திருந்தது.

மாமாவை முழுசாக வெறுத்துத் தொலைக்கவும் அவர் விடவில்லை. அதுவும் எனக்கு ஆத்திரம்தான். ஃபேக்டரியில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து அப்பாவின் முழங்கால் சில்லு உடைந்தது. கோயமுத்தூரில் ஆபரேஷன். அம்மாவுக்கு அப்போது காய்ச்சல். மாமா மண்டியைப் பூட்டிவிட்டு வந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் போய்ப் பார்த்தபோது, கேண்டீனில் வாங்கிவந்த வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, அப்பாவின் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். விரலிடுக்கெல்லாம் துடைத்தார்.

"சூடு அதிகமா இருந்தா சொல்லுப்பா" என்றார்.

"இல்லீங் மச்சான், நல்லா இருக்குது" என்றார் அப்பா.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இப்படி இருக்கத் தெரிந்த மனுஷன் ஏன் அப்படி இருக்கிறார்? டிஸ்சார்ஜ் ஆன அன்று டாக்ஸி பிடித்து அப்பாவைக் கோத்தகிரிக்கு அவரே கூட்டிவந்தார். வளைவுக்கு வளைவு வண்டியை மெதுவாக விடச் சொல்லி, அப்பாவின் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எங்கள் கேட்டு வரை தோளில் தாங்கி நடத்திவந்தார். கேட்டில் அப்பாவை எங்கள் கையில் கொடுத்துவிட்டு நின்றுவிட்டார். நானும் அம்மாவும் அப்பாவைப் படுக்க வைத்து, தலையணை கொடுத்து, மாத்திரை தேடி எடுத்தோம். அந்த அவசரத்தில் அவரை 'வாங்க' என்று அழைக்க யாருக்கும் நினைவில்லை. இருமல் கேட்டதா என்றும் தெரியவில்லை. வெளியே வந்து பார்த்தால் டாக்ஸி திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கோபம் தீபாவளி வரை நீண்டது. தீபாவளிக்கு அப்பா கைத்தடியோடு மேட்டுப்பாளையம் போய், அவர் வீட்டுக்குள் நுழைந்து, அழைத்துவிட்டு வந்தார்.

பிறகு என் கல்யாணம். நான் அப்போது குன்னூரில் ஒரு தேயிலை வியாபார அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மாப்பிள்ளை அவலாஞ்சியில் கரண்ட் ஆபீஸ் வேலை. கோத்தகிரியிலேயே மண்டபம். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை, சித்தப்பா பிள்ளைகளுக்கும் ஆகிவிட்டது. அத்தை பார்க்கவேண்டிய கடைசிக் கல்யாணம் இதுதான். எப்படியாவது இதை மட்டுமாவது அத்தை உட்கார்ந்து பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். எனக்கு நகையோ சேலையோ பெரிதாகப் படவில்லை. இது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

முதல் நாள் அப்பா பிளாஸ்க்கைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"முட்டி மடங்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருப்பா. எப்பிடிக் குனிவீங்க?"

"ஒரு ரெண்டு நிமிசம். பாத்துக்கலாம்."

"வேற யாராச்சும் கழுவட்டும்."

"அன்னைக்குப் பச்சத்தண்ணிய நாந்தான் ஊத்தினேன். நாந்தான் கழுவோணும்னு சொல்லுவாரு. நாளைக்கு எதையும் பேசிப்போடாதே சாமி. உங்கத்தை சாப்பிடோணுமா வேண்டாமா?"

பிளாஸ்க்கை வாங்கி நானே துடைத்து வைத்தேன்.

மறுநாள் காலை மாடியில் மணப்பெண் அறை ஜன்னலில் நின்றேன். கீழே வாசல் நன்றாகத் தெரிந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இவள் இறங்கிப் போய் எதையாவது செய்துவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். மாப்பிள்ளை கார் வாழைமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. வாசல் நடுவில் மாமா. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, விறைப்பு. ஒரு தப்படி பின்னால் அத்தை, அரக்குப் பட்டு. மேளம் நின்றுவிட்டது. பெரிய மாப்பிள்ளைக்கு ஆகிற வரைக்கும் வாசிக்கக்கூடாது என்று மேளக்காரர்களுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் பேச்செல்லாம் மாடிக்குத் தெளிவாகக் கேட்டது.

அப்பா ஒரு கையில் பிளாஸ்க்கோடு வந்தார். இன்னொரு கையால் வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு நல்ல காலை மடக்கினார். கெட்ட கால் மடங்கவில்லை. அதைப் பக்கவாட்டில் நீட்டி இறங்கப் பார்த்தார். உடம்பு ஆடியது.

"மெதுவா, மெதுவா. ஒண்ணும் அவசரமில்லப்பா" என்றார் மாமா.

அந்தப் பரிவைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத மனுஷனுக்குப் பரிவு எதற்கு?

வாழைமரம் கயிற்றோடு சாய்ந்தது. அப்பா தொப்பென்று தரையில் உட்கார்ந்துவிட்டார். மாக்கோலம் போட்ட ஈரத்தரை, பட்டு வேட்டி முழுக்கச் சேறும் மாவும். பிளாஸ்க்கை மட்டும் விடவில்லை, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தார். நாலு பேர் ஓடிவந்தார்கள். யாரோ ஒருவர், "என்னங்க இது, வயசானவரைப் போயி" என்றார்.

மாமா அவர் பக்கம் திரும்பினார். அதே மெதுவான குரல்.

"நான் கேக்கலீங்க. முறை கேக்குது."

அம்மாவின் கையை உதறிவிட்டு நான் கதவு வரைக்கும் போய்விட்டேன். அப்போது கீழே அத்தையின் குரல் கேட்டது. உரக்கப் பேசி நான் கேட்டேயிராத குரல்.

"குடுடா அதை."

திரும்பி வந்து ஜன்னலில் பார்த்தேன். அத்தை அப்பாவின் கையிலிருந்து பிளாஸ்க்கை வாங்கி, மூடியைத் திருகினார். மாமா பழக்கத்தில் வலது காலை முன்னால் நீட்டினார். அத்தை அந்தக் காலைப் பார்த்தார். பிளாஸ்க்கைக் கவிழ்த்து, வெந்நீர் முழுவதையும் காலுக்குப் பக்கத்தில் தரையில் ஊற்றினார். குளிரில் ஆவி எழுந்து மாமாவின் வேட்டிக்கரை வரை மறைத்தது.

"முறை கேட்டுச்சு, குடுத்தாச்சு. உள்ள வாங்க, வராட்டி நில்லுங்க. எனக்குப் பசிக்குதுங்க."

தம்பியைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, அவர் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு, ஆரத்திக்காரர்களைத் தாண்டி அத்தை உள்ளே போனார். மேளக்காரர்களுக்கு என்ன தோன்றியதோ, வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மாமா ஓரமாக நகர்ந்து நின்றார். என்னவர் காரிலிருந்து இறங்கி, செம்பைக் கேட்டு வாங்கித் தானே காலில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்தார் என்று பிற்பாடு சொன்னார்கள். அவலாஞ்சிக் குளிரில் வேலை பார்க்கிறவருக்கு அது ஒரு பொருட்டில்லை. அத்தை என் கல்யாணத்தை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு பந்தியில் உட்கார்ந்தார். ஒப்புட்டு போடுகிறவரிடம், "இன்னொண்ணு வெய்யி, நெய்ய நல்லா ஊத்து" என்றார். வீடியோக்காரர் பக்கத்தில் வந்ததும் நிமிர்ந்து பார்த்து, வாயில் போட்டதை மென்று முடித்துவிட்டுச் சிரித்தார். என் கல்யாண வீடியோவில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். மாமா தனியாக மேட்டுப்பாளையம் பஸ் ஏறிப் போய்விட்டார்.

அத்தை போகவில்லை. எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். அந்த வாரக் கடைசியில் நானும் என்னவரும் மறுவீட்டுக்கு வந்திருந்தோம். தூறிக்கொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே இருமல் கேட்டது. அப்பா எழப் போனார். அத்தை அப்பாவின் தோளை அழுத்தி உட்கார வைத்தார். மறுபடி இருமல். யாரும் அசையவில்லை. அத்தை இருந்த இடத்திலிருந்தே சொன்னார்.

"கதவு தொறந்துதான் இருக்குதுங்க."

தூறல் மழையாகியது. பிறகு கேட்டின் கொக்கி எடுபடுகிற சத்தம் கேட்டது. தலையெல்லாம் நனைந்து, யாரையும் பார்க்காமல் வந்து, வாசலோர நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தை டீ கொண்டுவந்து கையில் கொடுத்தார். குடித்தார். கூப்பிடாமல் எங்கள் வீட்டுக்குள் அவர் வந்தது அந்த ஒரு நாள்தான்.

திருந்திவிட்டார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். திருந்தவில்லை. அதற்குப் பிறகும் உறவுக்காரர் கல்யாணங்களில் வாசலில் போய் நிற்பார். அத்தை அவரை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, வாய் சிவக்க வெளியே வந்து "போலாமுங்களா?" என்பார். மாமா கூடவே நடப்பார்.

இந்தச் சித்திரையில் செத்துப்போனார். மண்டியில் மூட்டைமேல் உட்கார்ந்தபடியே போய்விட்டார். நாங்கள் மலையிலிருந்து இறங்கி மேட்டுப்பாளையம் போனபோது வெயில் மண்டையைப் பிளந்தது. முற்றத்தில் பெஞ்சு போட்டுக் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டக் குடத்தில் தண்ணீர் வந்தது. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அத்தை தலையைத் தூக்கினார்.

"பச்சத்தண்ணி வேண்டாமுங்க. அவியளுக்கு ஆகாது."

"இந்த வெயில்லயாங்க அக்கா?" என்றார் ஒருவர்.

அத்தை என்னைப் பார்த்தார்.

"அம்மிணி, நீ போயி அடுப்பு வெய்யி."

போனேன். அடுப்பைப் பற்ற வைத்து, அண்டாவைத் தூக்கி வைத்து, அந்த வேக்காட்டில் வியர்த்து ஊற்ற நின்றேன். செத்தும் வெந்நீர் கேட்கிறாரே இந்த மனுஷன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேதான் நின்றேன். ஆனாலும் கையை விட்டுப் பார்த்தேன். சூடு அதிகம். பச்சைத் தண்ணீர் விட்டு விளாவினேன். மறுபடி கையை விட்டுப் பார்த்துவிட்டு எடுத்துப் போனேன்.

அப்பாவுக்கு நாற்காலி போட்டார்கள். பெஞ்சு உயரமாக இருந்ததால் இந்தத் தடவை குனிய வேண்டியிருக்கவில்லை. சொம்பில் மொண்டு வலது காலில் ஊற்றினார். துண்டால் விரலிடுக்கெல்லாம் துடைத்தார். துடைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"சூடு போதுங்களா மச்சான்?"

கேட்டுவிட்டு அடுத்த காலுக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. இப்போதாவது வாயைத் திறந்து ஒரு பதில் சொல்லுங்க மாமா என்று கத்த வேண்டும்போல் எனக்கு இருந்தது. அப்பா சொம்பைக் கீழே வைத்தார். இரண்டு கையாலும் அந்த இடது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "ஊத்து அம்மிணி" என்றார்.

ஊற்றினேன்.